அவன் எங்கல போனான்?

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. இரண்டு நாள் லீவில் தாழையூத்தில் அப்பா வீட்டில் இருந்தேன். காலையில் செய்தி உறுதியானது. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்த வதந்திதான். ஆனாலும் அது உண்மையான அன்று கை நடுங்குகிற மாதிரி ஒரு கோபம் வந்தது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா பையன்கள், அத்தை பையன்கள் எல்லோரும் மஞ்சள் சட்டைக்காரர்கள். ஒருத்தன் உடைந்த இதயத்தைப் போட்டான். இன்னொருத்தன் 2023 இறுதிப்போட்டியின் கடைசி இரண்டு பந்துகளை மறுபடியும் போட்டான். பத்து ரன் வேணும், மோஹித் சர்மா பந்து, ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர், தோனி ஜடேஜாவைத் தூக்கிக்கொள்கிறார். நான் அதற்குக் கீழே இப்படி எழுதினேன்: "பதிமூணு வருஷம் சோறு போட்ட டீமை விட்டுட்டுப் போயிட்டான். கேப்டன்சி ஆசை காட்டிருப்பாங்க. துரோகி."

திண்ணையில் தினத்தந்தியோடு உட்கார்ந்திருந்த அப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி செல்போனைப் பார்த்துவிட்டு என்னிடம் நேரடியாகவே கேட்டார்.

"அவன் எங்கல போனான்? அனுப்பிட்டாவ."

"இல்லப்பா, ட்ரேடுன்னா பிளேயர் சம்மதம் வேணும். விதி அப்படித்தான் இருக்கு."

"சம்மதம் கேட்டுருப்பாவ. கேக்கதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருப்பாவ. நீயும் உன் ஃப்ரெண்டும் அந்த லெப்ட்டை அப்படித்தானல பண்ணுனிய."

லெப்ட் என்ற பெயரைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவனிடம் பிறகு வருகிறேன். முதலில் என் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கோபத்தில் ஒரு கணக்குப் பிழை இருந்தது.

சென்னை அணி தாழையூத்துக்காரர்களுக்கு வெறும் சென்னை அணி இல்லை. எங்கள் ஊரை ஒட்டித்தான் சங்கர்நகர். இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 1946-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆலை 1949-இல் இங்கேதான் ஓட ஆரம்பித்தது. நிறுவனர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயரின் பெயரில்தான் ஊரே இருக்கிறது. காரணம், இங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். தாமிரபரணி பக்கம் நெல்லும் வாழையும், இந்தப் பக்கம் கல்லும் தூசியும். 2008-இல் அதே கம்பெனி 9 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து ஐ.பி.எல்.லின் சென்னை அணியை வாங்கியது. அப்பா அந்த ஆலையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். தோனியை ஏலத்தில் எடுத்த அன்று வீட்டுக்கு வந்து, ஏதோ தன் டிபார்ட்மெண்டுக்கு ஆள் எடுத்த மாதிரி, "நம்ம கம்பெனில தோனியை எடுத்துட்டோம்" என்றார். அப்போது நான் பிளஸ் டூ.

அந்த ஏலம் 2008 பிப்ரவரி 20-இல் மும்பையில் நடந்தது. டெண்டுல்கர், கங்குலி, டிராவிட், சேவாக், யுவராஜ் ஐந்து பேரும் 'ஐகான்' வீரர்கள். சொந்த ஊர் அணிக்கே ஆட வேண்டும், ஏலம் கிடையாது. சென்னைக்கு ஐகான் யாரும் இல்லை. அதனால் கையில் முழுப் பணம் இருந்தது, 15 லட்சம் டாலருக்குத் தோனியை எடுத்தார்கள். அன்றைக்கு அதுதான் உச்ச விலை. ராஞ்சிக்காரர் ஒருவர் எங்களுக்கு 'தல' ஆனது இப்படி ஒரு கணக்கின் வழியாகத்தான். அன்று வேறு ஒரு அணி இன்னும் கொஞ்சம் கையைத் தூக்கியிருந்தால் நாங்கள் வேறு யாருக்கோ விசில் அடித்துக்கொண்டிருப்போம். காதல் பிறகு வந்தது. விலைதான் முதலில் வந்தது.

இதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. ஏலத்தில் வீரனுக்குக் கை இல்லை. அடிப்படை விலை போட்டுப் பெயர் கொடுப்பான், அவ்வளவுதான். யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுடையவன். "எனக்குச் சென்னை போதும், இரண்டு கோடி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை" என்று அங்கே சொல்ல முடியாது. எடுத்த பிறகு தகுந்த காரணமில்லாமல் வர மாட்டேன் என்றால் இரண்டு வருஷத் தடை. 2025-இல் இங்கிலாந்தின் ஹாரி புரூக் அதற்கு மாட்டினார். அணிக்கு அவனைத் தக்கவைக்கலாம், விடுவிக்கலாம், மாற்றலாம் என்று மூன்று கதவு. அவனுக்குத் தலையாட்ட ஒரு ஜன்னல்.

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு காலத்தில் இதைவிட மோசமாக இருந்தது. 'ரிசர்வ்' விதி என்று ஒன்று. ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த வீரன் அந்த அணியின் ஆள்தான். விடுவது, விற்பது எல்லாம் அவர்கள் இஷ்டம். 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு சீசன் ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை. நான் வாங்கி விற்கிற பொருள் இல்லை என்று பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார், வழக்கும் போட்டார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று. ஆனால் 1975 டிசம்பரில், வேறு இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில் ஒரு நடுவர் அந்த விதியை உடைத்தார். அதிலிருந்து வந்ததுதான் 'ஃப்ரீ ஏஜென்சி'. இன்றைக்கு ஆறு வருஷ சர்வீஸ் முடித்த வீரன், ஒப்பந்தமும் முடிந்திருந்தால், தனக்குப் பிடித்த ஊரை, பிடித்த பணத்தைப் பேசி முடிவு செய்யலாம். 2023 டிசம்பரில் ஷோஹெய் ஒடானி பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸ் அணிக்குக் கையெழுத்துப் போட்டார். அதில் 68 கோடியை ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றார், அணிக்கு மற்றவர்களை எடுக்கப் பணம் மிஞ்சட்டும் என்று. பேரம் பேசும் உரிமை கிடைத்தவன் எப்போதும் பணத்தை மட்டும் பேசுவதில்லை.

நம்மூர்க் கர்ட் ஃப்ளட் யார் என்று தேடினால், சிரிப்பாக இருக்கும், அதே ஜடேஜாதான் வருகிறார். 2008-இல் வார்னே தலைமையில் ராஜஸ்தான் கோப்பை வாங்கியபோது அதில் இருந்த சின்னப் பையன். 2010-இல் ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணிகளோடு நேரடியாகப் பேசினார் என்று அந்த சீசன் முழுக்க ஆடத் தடை போட்டார்கள். இருபத்தோரு வயது. தன் சம்பளத்தைத் தானே பேசப் பார்த்ததற்கு ஒரு வருஷம் வெளியே. 2012 ஏலத்தில் சென்னை அவரை 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவ்வளவு தொகையா என்று அன்று கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தன். பத்து வருஷம் கழித்து, 2022-இல் 16 கோடிக்கு, தோனிக்கும் மேலாக முதலாவதாகத் தக்கவைத்தார்கள். இப்போது ராஜஸ்தானுக்குத் திரும்பியபோது அவர் விலை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது.

காசுக்குப் போனான் என்று நான் எழுதினேனே, போனதில் நாலு கோடி குறைந்திருக்கிறது. என்ன பேசினார்கள், யார் முதலில் கேட்டார்கள், அதெல்லாம் எனக்குத் தெரியாத அறைக்குள் நடந்தது. அவரே கேட்டுப் போயிருக்கலாம். ஆனால் தெரியாத அறையைப் பற்றி எழுதும்போது என் விரல் தானாக 'துரோகி' என்ற சொல்லுக்குப் போனதே, அதுதான் விஷயம்.

ரசிகர்களாகிய நம்மிடம் இரண்டு நோட்டு இருக்கிறது. வீரன் போனால் ஒரு நோட்டு: பேராசை, நன்றி கெட்டவன். அணி அனுப்பினால் இன்னொரு நோட்டு: திட்டம், எதிர்காலம், வியாபாரம்னா அப்படித்தான். 2022 ஏலத்தில் சுரேஷ் ரெய்னா 2 கோடி அடிப்படை விலையில் நின்றார். 'சின்ன தல' என்று நாம் பெயர் வைத்த ஆள். ஐ.பி.எல்.லில் 5,528 ரன். சென்னை உட்பட யாரும் கை தூக்கவில்லை. அன்று ராத்திரி நாங்கள் அழுதோம், உண்மைதான். ஆனால் 'துரோகம்' என்ற சொல்லை அணியைப் பார்த்து யாரும் அவ்வளவு எளிதாக எறியவில்லை. "ஃபார்ம் இல்லப்பா" என்று நானே சொன்னேன்.

அஸ்வின் கதை இன்னும் எளிது. 2015 வரை சென்னை. அணி இரண்டு வருஷம் இடைநீக்கம் ஆனது அவர் குற்றமில்லை. 2018 ஏலத்தில் பஞ்சாப் 7.6 கோடிக்கு எடுத்துக்கொண்டது, பிறகு டெல்லி, பிறகு ராஜஸ்தான். கடைசியில் 2024 நவம்பர் ஏலத்தில் 9.75 கோடிக்கு வீடு திரும்பினார். எங்கள் குழுவில் ஒரே வரவேற்பு. அடுத்த சீசனில் ஒன்பது ஆட்டம், ஏழு விக்கெட். அணி வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி இடம். "இவருக்கு ஒன்பதே முக்கால் கோடியா?" என்று கேட்டவர்களும் அதே வரவேற்புக்காரர்கள்தான். அந்த விலையை அவர் கேட்கவில்லை. ஏல மேடையில் அவருடைய அடிப்படை விலை இரண்டு கோடி. மிச்சம் ஏழே முக்கால் கோடியும் அணிகளின் போட்டி. ஆனால் விலைச்சீட்டு தொங்குவது அவர் கழுத்தில்.

குறைந்த விலையையும் நாம் விடுவதில்லை. 2025-க்குத் தோனியை 4 கோடிக்குத் தக்கவைத்தார்கள். ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை, இந்தியாவுக்கே ஆடாத புதுப் பையனின் கணக்கில் வைக்கலாம் என்ற விதி. அதைத் தியாகம் என்று கொண்டாடினோம். அப்படியானால் சாய் சுதர்சன் செய்ததை என்ன சொல்வது? 2023-இல் டி.என்.பி.எல்.லின் முதல் ஏலத்தில் கோவை அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அதே வருஷம் ஐ.பி.எல்.லில் குஜராத் கொடுத்தது 20 லட்சம். உலகத்திலேயே பணக்கார கிரிக்கெட் லீக்கைவிட நம்மூர் லீக் அவருக்கு அதிகம் கொடுத்தது. அந்த 20 லட்சத்துப் பையன்தான் ஜடேஜா ஃபோர் அடித்த அதே இறுதிப்போட்டியில் 47 பந்தில் 96 ரன் அடித்தவர். அவர் தியாகம் செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. பேரம் பேச முடியாதவனின் குறைந்த சம்பளத்துக்குத் தியாகம் என்று பெயர் கிடைப்பதில்லை.

அந்த வருஷம் டி.என்.பி.எல். இறுதிப்போட்டி எங்கள் சங்கர்நகர் மைதானத்தில்தான். எங்கள் நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் 104 ரன்னில் தோற்றது. அப்பாவோடு நானும் போயிருந்தேன். தோற்றது ஒரு பக்கம். பக்கத்தில் இருந்தவர் நெல்லை அணி வீரர்களை ஒவ்வொருத்தராக "இவன் எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எவனும் நெல்லை இல்லை என்று முடிவானதும், "சரி, சட்டை நம்ம ஊரு" என்று கைதட்டினார். ரசிகனின் நிலைமை அவ்வளவுதான். ஆட்கள் மாறுவார்கள், சட்டை மாறாது. இந்த வியாபாரத்தில் ட்ரேட் ஆகாத ஒரே ஆள் அவன்தான். அதனால் அவன் கோபத்தை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தனை விரும்பிவிட்டால் அவன் நிரந்தரமாக இருப்பான் என்று நம்பித்தான் விரும்ப முடியும்.

ஆனால் நான் அந்தக் கோபத்தைப் படுவதற்கு எனக்குத் தகுதி உண்டா? பன்னிரண்டு வருஷத்தில் நாலு கம்பெனி மாறியவன் நான். கல்லூரியில் கேம்பஸ் வந்தபோது, ஒரு ஆஃபர் கிடைத்தால் அடுத்த கம்பெனிக்கு உட்காரக் கூடாது என்று விதி. முதல் நாள் வந்த கம்பெனி எடுத்தது. அதற்குமேல் எங்கள் விருப்பம் என்று ஒன்றும் இல்லை. அதுவும் ஏலம்தான், கை தூக்க ஆள் கம்மி. இரண்டு வருஷ பாண்டு முடிந்த அன்றே பேப்பர் போட்டேன். அடுத்தது முப்பத்தைந்து சதவீத ஹைக். அதற்கடுத்தது, கையில் இருந்த ஆஃபரைக் காட்டி இன்னொரு ஆஃபர். ஒவ்வொரு தடவையும் மூன்று மாத நோட்டீஸ், கேக், "டச்ல இருப்போம்". யாரும் என்னைத் துரோகி என்று சொல்லவில்லை. புத்திசாலி என்றார்கள். பிறகு ஒரு வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினைந்து நிமிட வீடியோ காலில் எங்கள் டீமில் ஆறு பேரை விட்டார்கள். நான் அதில் இல்லை. மத்தியானம் மேனேஜர் மீதிப் பேரைக் கூப்பிட்டு, "இது குடும்பம் மாதிரி" என்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை, நானும்தான். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது.

அப்பா எதிர்த் துருவம். முப்பத்து மூன்று வருஷம் ஒரே கேட். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போனது. கிரிக்கெட் அணி அதற்கு ரொம்ப வருஷம் முன்பே தனிக் கம்பெனியாகப் பிரிந்துவிட்டதால், ஆலை ஒரு பக்கம், அணி ஒரு பக்கம். எனக்குத்தான் மனசு கஷ்டமாக இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "முதலாளி மாறுனா என்னல. நமக்கு பி.எஃப். வந்துட்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கூட வேலை பாத்தவன்லாம் இன்னும் டீக்கடைக்கு வாரான்லா" என்றார்.

இப்போது லெப்ட்.

2006. எங்கள் தெருவில் டென்னிஸ் பால் டீம் ஒன்று இருந்தது. பொங்கல், கோயில் கொடை, மே லீவு என்று சுற்றுவட்டாரத்தில் எங்காவது டோர்னமெண்ட் நடக்கும். நுழைவுக் கட்டணம், சுழற்கோப்பை, முதல் பரிசு 5,001 ரூபாய், மைக்கில் வர்ணனை. எங்கள் பந்துவீச்சே லெப்ட்தான். எங்களைவிட மூன்று வயது பெரியவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான். இடதுகையில் அவன் போடும் யார்க்கரை ஸ்டம்ப்தான் தடுக்கும்.

அந்த மே மாதம் பக்கத்து ஊர் டீம் அவனைக் 'கெஸ்ட்'டாகக் கூப்பிட்டது. ஒரு ஆட்டத்துக்கு 300 ரூபாய், சாப்பாடு. போய்விட்டான். இறுதிப்போட்டியில் நாங்களே அவன் எதிரில் நின்றோம். நாலு விக்கெட் எடுத்தான், என்னுடையதும் சேர்த்து. கோப்பை போயிற்று. அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் போய் அவன் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கி, வால்ட்யூபையும் எடுத்து எறிந்துவிட்டு வந்தோம். அதன் பிறகு அவனோடு பேசவில்லை. 300 ரூபாய்க்கு ஊரை வித்தவன் என்பதுதான் எங்கள் தீர்ப்பு. இருபது வருஷமாக இந்தக் கதையை இப்படித்தான் வைத்திருந்தேன்.

"நீங்கதானல அவனை மொதல்ல உக்கார வச்சிய" என்றார் அப்பா அன்று திண்ணையில். "அதுக்கு முந்துன மேட்ச். மெட்ராஸ்ல இருந்து உன் ஃப்ரெண்டு மச்சான் லீவுக்கு வந்தாம்லா, நல்ல பேட்டு கொண்டாந்தான்னு அவனைச் சேத்துட்டு, இவனை ஓரத்துல உக்காத்தி தண்ணி குடுக்க வச்சிய. அவன் ஆலையில லீவு சொல்லிட்டு வந்தான். ஒரு நாள் கூலி போச்சு அவனுக்கு. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. அவர் சொன்ன பிறகு வந்தது. அந்த மச்சானின் பேட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கூட வந்தது. லெப்ட் பக்கெட்டோடு நிற்பதும் வந்தது. அவன் போனதை இருபது வருஷம் துல்லியமாக ஞாபகம் வைத்திருந்த மூளை, நாங்கள் அவனை அனுப்பியதை எங்கே வைத்திருந்தது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் இப்போது லோடு ஆட்டோ வைத்திருக்கிறான், காலையில் நயினார்குளம் மார்க்கெட்டில் இருப்பான் என்று அப்பாதான் சொன்னார். போனேன். வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிஷம் ஆனது. "ஏல, நீயா! பெங்களூர்லலா இருக்கதா சொன்னாவ" என்று தோளில் தட்டினான். டீ வாங்கிக் கொடுத்தான், காசு கொடுக்க விடவில்லை. ஆட்டோ கண்ணாடியில் மஞ்சள் சிங்கம் ஒட்டியிருந்தது.

ஜடேஜாவைப் பற்றிக் கேட்டேன். "என் பொண்ணு நேத்துப் பூரா அழுதுட்டா" என்றான். "நான் சொன்னேன், ஆடுற எடத்துல ஆடட்டும்ட்டி, கை நல்லா இருக்க வரைக்கும்தான." தன் இடது தோளைப் பிடித்து ஒருமுறை சுற்றிக் காட்டினான். பாதிக்கு மேல் ஏறவில்லை. மூட்டை.

அந்தப் பழைய மேட்ச்சைப் பேச வேண்டும் என்றுதான் போயிருந்தேன். 300 ரூபாய் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

"ரூவா ஞாபகம் இல்லல. என்னமோ குடுத்தாவ. ஆனா மேட்ச் முடிஞ்சு வந்தா, எவனோ சைக்கிள்ல காத்தைப் பிடுங்கி விட்டுட்டான். இருட்டிட்டு. ஆறு கிலோமீட்டர். அந்த ஊர்க்காரங்கதான் டிராக்டர்ல என்னையும் சைக்கிளையும் ஏத்தி வீட்டு வாசல்ல கொண்டாந்து எறக்குனாவ. அதை மறக்க முடியாதுல்லா."

யார் பிடுங்கியது என்று அவன் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது, சாதாரணமாகச் சிரித்தும் இருக்கலாம்.

"நான்தான்" என்றேன்.

"தெரியும்ல" என்றான். "டீ ஆறுது, குடி."

பஸ்ஸில் திரும்பும்போது வாட்ஸ்அப்பைத் திறந்து நான் எழுதியதை அழிக்கப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். அதற்குக் கீழேயே இன்னொரு வரி எழுதினேன்: "அப்பா சொன்னது சரி. நமக்குத் தெரியாது." சித்தப்பா பையன் உடனே கேட்டான், "என்னண்ணே, அதுக்குள்ள ராஜஸ்தானுக்கு மாறிட்டியா?"